முதற்பலனாய் வந்த தூம்ராஜ்

சாந்தகுமார் நாக்கில் வைத்துப் பார்க்காத வெல்லம் சித்தூர் மண்டியில் விலை போனதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் சாந்தகுமார்தான். தரகு வேலையிலேயே தலை நரைத்தவர். உருண்டையைக் கையில் எடுப்பார், விரலை மடக்கித் தட்டுவார், காதருகே பிடித்துக் கேட்பார், முகர்வார், கடைசியில் ஒரு சில்லை உடைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். கண்ணைத் திறந்த பிறகும் வாயைத் திறக்கமாட்டார். வாங்குகிறவரின் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரல்களாலேயே விலை பேசி முடிப்பார். மண்டியில் அதுதான் வழக்கம். யார் என்ன விலை கேட்டார் என்பது அந்தத் துண்டுக்குத்தான் தெரியும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர் துண்டில்லாமல், வாய்விட்டு ஏலம் போடுவார். அது சபையின் அறுப்பின் பண்டிகை. வெள்ளைக்கார மிஷன்காரர்கள் கட்டிவிட்டுப் போன கோயிலில், சபையார் அவரவர் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து வைப்பார்கள். நிலம் உள்ளவர் நெல்லும் கரும்பும் வைப்பார். கோழி வளர்க்கிறவர் முட்டை வைப்பார். தையல்காரர் புது மிஷினில் தைத்த முதல் சட்டையை வைப்பார். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் எல்லாம் ஏலத்துக்கு வரும். முதற்பலன் எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கேட்க ஆளில்லாமல் ஒரு பொருள் நின்றுவிட்டால் கொடுத்தவருக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. அப்படி நின்றுபோகாத விலையாகப் பார்த்துச் சொல்லி, பித்தளை மணியை ஆட்டி முடித்து வைப்பது சாந்தகுமாரின் பொறுப்பு. அந்த மணியைப் பண்டிகைக்கு முன்தினம் அவர் புளி போட்டுத் துலக்கும்போது, மனைவி யூனிஸ் சொல்வாள்: “என்னக் கட்டிக்கினப்போகூட உங்க மூஞ்சி இவ்ளோ பளபளன்னு இல்ல.”

அந்த மணிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

போன வருடம் ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள சொக்கத் தங்கம்!” என்று விலையை ஏற்றிவிட்டார். ஆசைப்பட்டு எடுத்தவர் போதகர் ஐயா. வீட்டில் அரிந்து பார்த்தபோது தங்கம் நெளிந்தது. போதகர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். யூனிஸின் அண்ணனும் சபையின் மூப்பருமான ஜீவரத்தினம் விடவில்லை. மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். நாலு பேர் நடுவில் நிற்பதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. கமிட்டியில் எழுந்து, “பூசணிக்காய்க்கே விலை தெரியாதவரு கையில எதுக்கு மணி?” என்று கேட்டார். இன்னொரு முறை பிசகினால் மணி ஜீவரத்தினத்துக்கு என்று முடிவாயிற்று.

இந்த நிலையில்தான் தூம்ராஜ் வந்து சேர்ந்தான்.

பண்டிகைக்கு முந்தின வாரம் கோயிலில் போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில் காணிக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானம்மாள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார்.

“என் மவன் சத்தியநாதன் பம்பாயில பொம்மை கம்பெனியில சேந்துட்டானே, அவன் அனுப்பிச்சது ஐயா. அவன் மிஷின்ல மொத மொதல்ல வந்த பீஸாம். அதான் முதற்பலனுக்கு” என்றார்.

போதகர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றரைச் சாண் உயரத்தில், கருகருவென்று ஒரு பிளாஸ்டிக் ஆள். தலையில் கொம்பு வைத்த கிரீடம், முதுகில் ஊதா நிறத்தில் நிஜத் துணியாலான அங்கி, கண்ணில் வெள்ளிப் பூச்சு, கையில் ஒரு கோல். முதுகில் இருந்த குமிழை அழுத்தினால் கை விசுக்கென்று மேலே போய் கோலை உயர்த்தியது.

“அட, நம்ம தூம்ராஜ்!” என்றார் போதகர்.

எல்லோர் முகமும் மலர்ந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டி.வி.யில் வரும் இந்தி மந்திரக்கதையில் வருகிறவன் தூம்ராஜ். தொடர் ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஊரே அவன் பேரைச் சொன்னது. ஆனால் சபையாருக்கு ஒரு சங்கடம். ஒன்பது மணிக்கு அவர்கள் கோயிலில் இருப்பார்கள். ஆசீர்வாத ஜெபத்துக்கு ஆமென் சொன்ன வேகத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினால் கடைசி ஐந்து நிமிடம் கிடைக்கும். வாரா வாரம் அந்த ஐந்து நிமிடத்தில் தூம்ராஜ் ஒரு பாறைமேல் நின்று, கோலை உயர்த்தி, ஹா ஹா ஹா என்று சிரிப்பான். எதிரே யாராவது விழுந்து கிடப்பார்கள். மின்னல் வெட்டும். தொடரும் என்று எழுத்து வரும். பேசுவது இந்தி, ஒரு வார்த்தையும் பிடிபடாது. அதனால் என்ன? ஒருவன் வாரம் தவறாமல் ஜெயிக்கிறான், ஜெயித்துவிட்டுச் சிரிக்கிறான் என்றால் அவன் யாரென்று தெரிய இந்தி எதற்கு?

போதகரே போன மாதப் பிரசங்கத்தில், “செங்கடலுக்கு முன்னால் மோசே கோலை உயர்த்தினான். எப்படி உயர்த்தினான்? நம்ம தூம்ராஜ் உயர்த்துகிறானே, அப்படி!” என்று கையைத் தூக்கிக் காட்டியிருந்தார். கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட அன்று விழித்துக்கொண்டார்கள்.

“விலை சொல்லு சாந்தகுமார்” என்றார் போதகர்.

சாந்தகுமார் பொம்மையை வாங்கினார். ஜீவரத்தினம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பொம்மையின் வயிற்றில் விரலால் தட்டினார் சாந்தகுமார். டொக் என்றது. காதருகே வைத்துக் கேட்டார். முகர்ந்தார். அங்கியை விலக்கி உள்ளே பார்த்தார்.

“அடுத்தது இன்னா மச்சான், துன்னு பாக்கறியா?” என்றார் ஜீவரத்தினம்.

பழக்கதோஷத்தில் பொம்மையின் கால் ஏற்கனவே சாந்தகுமாரின் வாய்க்குப் பக்கத்தில் போயிருந்தது. சட்டென்று கீழே இறக்கினார்.

“கலப்படம் இல்லாத சரக்கு. கனம் இருக்குது. மூட்டெல்லாம் நல்லா இறுகி கீது” என்றார்.

“அதான் எங்களுக்கும் தெரியுதே. விலை?”

கம்மியாகச் சொன்னால் ஞானம்மாளுக்கு அவமானம். கூடச் சொல்லி, கேட்க ஆளில்லாமல் நின்றால் மணி போய்விடும். “திருப்பதியில பெரிய பொம்மைக் கடை இருக்குது. மார்க்கெட் விசாரிச்சிட்டு வந்து சொல்றேன் ஐயா” என்று தப்பித்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது யூனிஸ் அவள் அண்ணன் வீட்டு நிலவரத்தைச் சொன்னாள். ஜீவரத்தினம் புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி மறுபடியும் சாரத்துலேர்ந்து வுழுந்துட்டாராம். நல்லவேளை, மணல்மேல. வூட்டுக்குத் திருஷ்டி பட்டிருக்குது, ராட்சசன் பொம்மை ஒண்ணு கட்டினாத்தான் ஆளுங்க வேலைக்கு வருவாங்கன்னு சொல்லிட்டாராம்.”

“கட்ட வேண்டியதுதானே?”

“மூப்பரு வூட்டு மேல ராட்சசன் பொம்மையா? அண்ணன் போன மாசம்தான் எதுத்த வூட்டுக்காரனுக்கு அதப்பத்தி ஒரு மணிநேரம் வேதம் சொல்லிட்டு வந்தாரு. அப்பால எப்படிக் கட்டுவாரு? அண்ணி அழுதுகினு கீது.”

சாந்தகுமார் ரசத்தை உறிஞ்சிவிட்டு, “பாவம்” என்றார். மனதார வருத்தப்பட்டார் என்று சொல்வதற்கில்லை.

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார். கோவிந்தராஜர் கோயில் பக்கம் மொட்டைத்தலைகளுக்கு நடுவே நீந்திப் போய் ரங்கையாவின் பொம்மைக் கடையைக் கண்டுபிடித்தார். வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்களுக்கு இந்தியிலும் மற்றவர்களுக்குத் தெலுங்கிலும் தமிழிலுமாகக் கடை நடத்துகிறவர் ரங்கையா. தொடரை முதல் காட்சியிலிருந்து பார்க்கிறவர்.

“ராண்டி சார், ராண்டி. இன்னா வேணும்?”

“வாங்கறதுக்கு இல்ல. இதுக்கு விலை தெரியணும்” என்று பெட்டியைத் திறந்தார் சாந்தகுமார்.

ரங்கையா எட்டிப் பார்த்தார். பிறகு மூடியைத் தாமே மூடினார். “அய்யய்யோ! காலங்காத்தால இந்த மூஞ்சியைக் காட்டறீங்களே. இன்னும் போணி ஆவல சார்.”

“ஏன்? ஹீரோதானே?”

“ஹீரோவா? எவுரு, இவனா?” ரங்கையா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தூம்ராஜின் சிரிப்பைப் போலவே இருந்தது. “இவன் ராட்சசன் சார்! ராஜகுமாரியைத் தூக்கினு போயி குகையில வெச்சிருக்கறானே, அவன். ஹீரோ தேஜ்பால் சார். வெள்ளைக் குதிரை, மஞ்சள் அங்கி. அவன் பொம்மை வந்தா ஒரு நாள்கூட நிக்காது. இவன் நாலு பீஸ் வந்தான். பசங்க பாத்து அழுதுச்சுங்க. செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். அப்பவும் கொம்பு தெரியுதுன்னு அழுதுச்சுங்க. ரிட்டர்ன் அனுப்பிட்டேன்.”

“ஆனா வாரா வாரம் இவன்தானே ஜெயிக்கிறான்?”

“எப்போ?”

“கடைசியில.”

“கடைசியில அப்படித்தான் சார் வுடுவான். அப்பத்தானே அடுத்த வாரம் பாப்பீங்க? அடுத்த வாரம் ஆரம்பிச்சதும் தேஜ்பால் எழுந்து நாலு அறை வுடுவான், இவன் ஓடிப்போவான். நீங்க மொதல்லேர்ந்து பாக்கறதில்லயா?”

“நாங்க அந்த நேரம் கோயில்ல இருப்போம்” என்றார் சாந்தகுமார் ஈனக் குரலில்.

ரங்கையா அவரைப் பரிதாபமாகப் பார்த்து ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். பொம்மைக்கு மட்டும் விலை சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சாந்தகுமார் மடியிலிருந்த பெட்டியோடு தர்க்கம் செய்தார். உண்மையைச் சொன்னால், சபையில் எவரும் ஒரு ராட்சசனை விலை கொடுத்து வாங்கமாட்டார்கள். பொம்மை நின்றுபோகும், மணி போகும். ஞானம்மாள் மகனின் முதல் உழைப்பு சாத்தான் என்றாகிவிடும். மோசேயின் கதியோ இன்னும் மோசம். சொல்லாமல் மறைத்தால், என்றைக்காவது ஒருவன் கோயிலுக்கு மட்டம் போட்டுவிட்டுத் தொடரை முழுசாகப் பார்க்காமலா இருப்பான்?

“ஏலம் முடியற வரிக்கும் வாயைத் தொறக்காதீங்க” என்றாள் யூனிஸ். “ஒரு மணி நேரம்தானே? பூசணிக்காயாவது அழுகும். இது பிளாஸ்டிக்.”

பண்டிகையன்று ஆல்டர் முன்னால் நெற்கதிரும் கரும்பும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. நட்டநடுவில், யாரோ அன்போடு போட்ட சாமந்தி மாலையுடன் தூம்ராஜ் நின்றான். போதகர் போகிற போக்கில் குமிழை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. இந்த ஒரு ஞாயிறு மட்டும் டி.வி.க்கு யாரும் ஓடவில்லை. சாந்தகுமார் மணியை ஆட்டினார். நெல் போனது. வாழைத்தார் போனது. பூசணிக்காய் வந்தபோது, “இதைப்பத்தி நான் ஒண்ணும் சொல்றதா இல்ல” என்றார்; கூட்டம் சிரித்தது; அதுவும் போனது. அடுத்து தூம்ராஜ்.

அந்த நேரம் பார்த்து மண்டி வியாபாரி கோவர்த்தனன் உள்ளே வந்தார். நகரிக்காரர். வருடா வருடம் இந்த ஏலத்தில் வெல்லம் எடுக்க வருகிறவர். தூம்ராஜையும் கழுத்து மாலையையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“இன்னாய்யா இது அநியாயம்? இந்த ராட்சசனுக்கா மாலை போட்டு வெச்சிகினு கீறீங்க? ராஜகுமாரியைத் தூக்கினு போனவன்யா இவன்! இப்பத்தான் தேஜ்பால் இவன் குகையை இடிக்கிறதைப் பாத்துட்டு வரேன்.”

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். கோலை உயர்த்திக் காட்டிய அவரது வலதுகை மெல்ல அங்கிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஜீவரத்தினம் முன்னால் வந்தார். “பாத்தீங்களா? போன வருசம் புழு, இந்த வருசம் சாத்தான்! திருப்பதிக்கு வேற போய் வந்தாரு, விலை விசாரிக்க. மணியைக் கொண்டா மச்சான்.”

“திருப்பதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார் சாந்தகுமார். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

“தெரிஞ்சுமா கோயில் உள்ள வெச்சே?”

அதற்குள் ஞானம்மாள் எழுந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது எந்தக் குரலில் பேசுவாரோ அதே குரலில் பேசினார்.

“இதுக்கு ஏன் இவ்ளோ சத்தம்? எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். ஞாயித்துக்கிழம எனக்கு ட்யூட்டி, வார்டுல டி.வி. ஓடிக்கினே இருக்கும். என் மவன் மிஷின் அச்சுல தேஜ்பாலைத்தான் மொதல்ல ஊத்தினாங்களாம். நாலு தடவ ஊத்தியும் மூக்கே வரலியாம். இவன்தான் கை கால் மூக்கு முழியோட ஒழுங்கா வந்தவன். முதற்பலன்னா மொதல்ல வர்றதுதானே ஐயா? மொதல்ல வந்தது ராட்சசன்னா என் மவன் இன்னா பண்ணுவான்? மூக்கில்லாத ஹீரோவையா கொண்டாந்து வெக்கறது?”

போதகர் வேதாகமம் முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். மூக்கைப் பற்றி அதில் ஆதரவாக எதுவும் அகப்படவில்லை. “பழுதில்லாததைத்தான் படைக்கணும்னு இருக்குது” என்றார் கடைசியில். “இது பழுதில்லாத சாத்தான். ஏலத்தை நடத்து சாந்தகுமார்.”

சாந்தகுமார் பொம்மையைத் தூக்கிப் பிடித்தார். தூக்கிய வேகத்தில் விரல் குமிழில் பட்டு, தூம்ராஜ் விசுக்கென்று கோலை உயர்த்தினான். முன்வரிசை பின்வாங்கியது. “யார் கேக்கறீங்க?” என்றார். யாரும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். ஞானம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

அப்போதுதான் கோவர்த்தனன் தாடையைச் சொறிந்தபடி கேட்டார்: “ஏம்பா, நான் எடுக்கலாமா? புது கொட்டாய் போடறேன் மண்டியில. திருஷ்டிக்குக் கட்டறதுக்கு இதைவுட மொரட்டு மூஞ்சி எங்க கெடைக்கும்? மழையில கரையாது, வைக்கோல் மாதிரி மாடு துன்னாது, கை வேற தூக்குது!” என்று ஒரு விலையும் சொன்னார்.

“ஒரு தரம்!” என்று கத்தினார் சாந்தகுமார். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

அந்த நொடியில் அவர் கண் ஜீவரத்தினத்தின் முகத்தில் விழுந்தது. அது மணியைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்த்தது. கொம்பைப் பார்த்தது, வெள்ளிக் கண்ணைப் பார்த்தது, பிறகு எங்கோ தூரத்தில், பாதி கட்டி நிற்கும் ஒரு மாடியைப் பார்த்தது. வெல்லத்தை நாக்கில் வைத்த வியாபாரியின் முகத்தை சாந்தகுமாருக்குத் தெரியாதா? முப்பது வருடமாக அவர் பார்த்துவருகிற ஒரே முகம் அதுதானே.

“ரெண்டு தரம்!” என்று இழுத்தார்.

“மணியைக் கொண்டான்னு சொன்னேனே!” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஜீவரத்தினம் பாய்ந்து வந்து மணியோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தார். மூப்பரின் தோளில் இருந்த துண்டு நழுவி இருவர் கைமேலும் விழுந்தது. தானாக நழுவியது என்றுதான் சபையார் நினைத்தார்கள். துண்டுக்கடியில் ஜீவரத்தினத்தின் விரல்கள் மணியை விட்டுவிட்டு மச்சானின் விரல்களைப் பிடித்து அமுக்கின.

சாந்தகுமார் கண்ணை மூடினார். திறந்தார். “பேர் சொல்ல விரும்பாத ஒரு விசுவாசி கூடக் கேட்டிருக்காரு!”

“யாருய்யா அது?” என்று கோவர்த்தனன் சுற்றிலும் பார்த்து, விலையை ஏற்றினார். துண்டு அசைந்தது. மறுபடி ஏற்றினார். துண்டு மறுபடி அசைந்தது.

“மணியை வுடுங்க மூப்பரே, ஏலம் நடக்கட்டும்!” என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

“வுடமாட்டேன்!” என்றார் ஜீவரத்தினம், விரல்களை இன்னும் இறுக்கியபடி. “கொள்கைன்னு ஒண்ணு கீதுல்ல?”

மண்டிக்காரரான கோவர்த்தனனின் பார்வை துண்டில் போய் நின்றது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. “அட! எனக்கு வைக்கோல் பொம்மையே போதும்பா. அந்த விசுவாசியே வெச்சிக்கட்டும். அவருக்குத்தான் அவசரம் போலக்கீது” என்று ஒதுங்கினார்.

“மூணு தரம்!” மணி அடித்தது. ஜீவரத்தினத்தின் கையும் அதில் இருந்ததால் இருவருமாக அடித்தார்கள். அன்றைய ஏலத்திலேயே அதிக விலை போனது தூம்ராஜ்தான். ஞானம்மாள் சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்ட ஜீவரத்தினம் குனிந்து, “வெளிய தெரிஞ்சா என் மூப்பர் பதவி போச்சு மச்சான்” என்றார்.

“இன்னா தெரிஞ்சா?” என்றார் சாந்தகுமார். “மணியைப் பத்தி இன்னாவோ சொல்லிகினு இருந்தியே?”

ஜீவரத்தினம் நிமிர்ந்து தொண்டையைக் கனைத்தார். “சபையாரே! ஒரு சாத்தானுக்கே இந்த விலை வாங்கிக் குடுத்தவரு, தேவதூதன் வந்தா எவ்ளோ வாங்குவாரு? மணி என் மச்சான் கையிலயே இருக்கட்டும்.” சபை கைதட்டியது. கோவர்த்தனன் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

தை பிறந்ததும் ஜீவரத்தினத்தின் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு என்று ஏற்பாடாகியிருந்தது. அந்த ஏலத்துக்குப் பிறகு மேஸ்திரி ஒருமுறைகூட விழவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், கோணிக் கிழிசல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு ஏதோ நின்றது. காற்றில் கோணி விலகியபோது ஒரு கொம்பு தெரிந்தது. போதகர் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“காக்கா ஓட்டறதுக்கு ஐயா” என்றார் ஜீவரத்தினம்.

“நல்லா ஓட்டுமா?”

“பிரமாதமா ஓட்டுது ஐயா.”

“கோயில் கூரையிலயும் காக்கா தொல்லைதான்” என்றார் போதகர், யாரிடமும் இல்லாமல். ஞானம்மாள், “பம்பாய்க்கு எழுதட்டுமா ஐயா?” என்று கேட்டார். போதகர் அவசரமாக வீட்டுக்குள் போனார்.

உள்ளே புது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஐந்து நிமிடம். அன்றோடு தொடர் முடிகிறதாம். பாறைமேல் தூம்ராஜ் இல்லை. மஞ்சள் அங்கி போட்ட எவனோ ஒருவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க, ராஜகுமாரி அவனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். மின்னல் வெட்டவில்லை. சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாருப்பா இவன், புதுசா?” என்றார் ஒரு மூப்பர்.

“அப்போ நம்மாளு?” என்று பதறினார் ஜீவரத்தினம். சாந்தகுமார் வாயைத் திறக்கும் முன்பே இரண்டிரண்டு படியாகத் தாண்டி மாடிக்கு ஓடினார். சற்று நேரத்தில் மேலேயிருந்து குமிழை அழுத்தும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, நிம்மதியான குரலில், “கை தூக்குது மச்சான், தூக்குது!”